இரண்டாவது ஹார்ன்

நகராட்சி நூலகத்திலிருந்து போன் வந்தபோது அலிஸ்டர் டல்லக் சமையலறையில் நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் எதிர் நாற்காலியைப் பார்க்க வேண்டியிருந்தது.

"மிஸ்டர் டல்லக்கா? நான் லோசா பேசறேன், நூலகத்துலேர்ந்து. பயந்துடாதீங்க, புத்தகம் எதையும் திருப்பிக் கேக்கலை."

"சொல்லும்மா."

"ஊரடங்குல எங்களைப் பூட்டிட்டாங்க இல்லையா, சும்மா இருக்கற எங்களை எல்லாம் எழுபது தாண்டின உறுப்பினர்களைக் கூப்பிட்டு விசாரிங்கன்னு உக்கார வச்சிருக்காங்க. நீச்சல் குளத்துப் பசங்க, அருங்காட்சியகத்து ஆளுங்க, எல்லாருக்கும் இப்ப இதான் வேலை. மளிகை சாமான் இருக்கா?"

"இருக்கு."

"மருந்து, மாத்திரை?"

"இருக்கு."

"பேச்சுத்துணைக்கு ஆள்?"

அவர் பதில் சொல்லுமுன் அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். "மிஸஸ் நொலீன் டல்லக்கும் உங்க வீடுதானே? அவங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை பேசிட்டா எனக்கு ஒரே போன்ல ரெண்டு பேர் முடிஞ்சுது."

"அவ ஆஸ்பத்திரியில இருக்கா."

"ஐயோ. எப்ப வருவாங்க?"

"வரமாட்டா. நேத்து காலைல போயிட்டா. இன்னும் அங்கதான் வச்சிருக்காங்க."

மறுமுனையில் யார் வீட்டிலோ ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழுதது. பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. யாரோ சமோவன் மொழியில் அதட்டினார்கள். அந்தப் பெண்ணும் வீட்டிலிருந்துதான் பேசுகிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அத்தனை சத்தமுள்ள வீடு.

"மிஸ்டர் டல்லக்," என்றாள் லோசா கடைசியில். "எனக்குக் கொடுத்த தாள்ல இதுக்கு என்ன சொல்லணும்னு எழுதலை."

"பரவாயில்லம்மா. எனக்கும் யாரும் எழுதிக் குடுக்கலை."

நொலீனைக் கொண்டுபோனது ஊரே பயந்துகொண்டிருந்த அந்த நோய் இல்லை. இதயம். எத்தனையோ வருஷமாக மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த இதயம். ஆம்புலன்சில் வந்தவர்கள் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டிருந்தார்கள். கண்கள் மட்டும் தெரிந்தன, அவை மரியாதையான கண்களாக இருந்தன. "நீங்க கூட வரமுடியாது சார்," என்றார்கள். நொலீன் படுக்கையிலிருந்து தலையைத் திருப்பி, "கொடியில துணி கிடக்கு, மழை வரும்போல இருக்கு," என்றாள். அவர் துணியை எடுக்கப் போனார். திரும்பி வருவதற்குள் வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஒரு நர்ஸ் தன் போனை அவள் காதோரம் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அலிஸ்டர் தாங்கள் இருவரும் வாசிக்கும் நகர பேண்டு வாத்தியக் குழுவைப் பற்றி ஏதோ சொன்னார். மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அது நொலீனின் மூச்சா, நர்ஸின் மூச்சா என்றுகூடத் தெரியவில்லை.

லோசா பேசிய மறுநாள் சவ அடக்கம் நடத்தும் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். அலிஸ்டருக்கு இருபது வருஷமாகத் தெரிந்தவர். எத்தனையோ சாவுகளுக்கு அவர் வண்டியின் முன்னால் பேண்டு நின்று வாசித்திருக்கிறது. அதனால்தான் அவருக்கும் குரல் எழும்பவில்லை.

"வெள்ளிக்கிழமை காலைல அடக்கம். எங்க ஆளுங்க ரெண்டு பேர். வேற யாரும் கூடாது அலிஸ்டர். சட்டம் போட்டது நான் இல்ல."

"நானுமா?"

"நீங்களும்தான்."

அலிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "பூங்கா வழியாத்தானே போவீங்க?"

"இப்ப அது சுத்து வழி."

"மண்டபத்துக்கு முன்னால நிறுத்துவீங்க. எப்பவும் நிறுத்தித்தானே போவீங்க."

"நிறுத்தினா கூட்டம் கூட்டினேன்னு ஆயிடும்."

"நான் ஒருத்தன் எப்படிய்யா கூட்டம்?"

கம்பெனிக்காரர் பெருமூச்சு விட்டார். "நிறுத்த முடியாது. மெதுவாப் போறேன். நடக்கற வேகத்துல. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

நகர பேண்டில் யார் இறந்தாலும் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைக்குப் போகும் வண்டி பூங்காவின் உள்சாலையில் திரும்பி, எண்கோண மண்டபத்தின் முன்னால் நிற்கும். பேண்டு சீருடையில் நின்று ஒரு பழைய துதிப்பாடலின் மூன்று சரணங்களை வாசிக்கும். இறந்தவர் எந்த வாத்தியமோ, அதன் பங்கை மட்டும் யாரும் எடுத்து வாசிக்கமாட்டார்கள். டிரம் அடித்தவர் போனபோது டிரம் இல்லாமல் வாசித்தார்கள். பெரிய பாஸ் ஊதிய தச்சர் போனபோது பாட்டு அடித்தளம் இல்லாத வீடு மாதிரி ஆடியது, அப்படியே வாசித்தார்கள். அந்த ஓட்டைதான் மரியாதை. ஆனால் நொலீன் வாசித்தது முதல் கார்னெட், எக்காளம் போன்ற சின்னப் பித்தளைக் குழல். பாட்டே அவள் கையில்தான் இருந்தது. முதல் கார்னெட் இல்லாமல் அந்தத் துதிப்பாடலில் மிச்சம் என்ன இருக்கும் என்று யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

அலிஸ்டர் வாசித்தது இரண்டாவது ஹார்ன், வளைந்த பித்தளைக் குழல். அது பக்கவாத்தியத்துக்கும் பக்கத்தில் நிற்கிற வாத்தியம். பாட்டை ஒருநாளும் வாசிக்காது. மற்றவர்கள் போட்ட சுரங்களுக்கு நடுவில் இருக்கும் சந்தில் ஒரு சுரத்தை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஊதுகிற நேரத்தைவிட ஊதாமல் இருக்கிற நேரம் அதிகம். "உன் பங்கைத் தனியாக் கேட்டா கோழிக்கு விக்கல் எடுக்கற மாதிரி இருக்கு," என்பாள் நொலீன், அவர் வீட்டில் பழகும்போதெல்லாம். "பக்கத்து வீட்டுக்காரங்க உனக்கு ஏதோ வியாதின்னு நினைக்கப்போறாங்க." அவர் கோபித்துக்கொண்டு ஹார்னைப் பேண்டு அறையிலேயே வைத்துவிட்டு வருவார். கடைசியாக அப்படிக் கோபித்துக்கொண்டது ஊரடங்குக்கு முந்தின ஒத்திகை நாளில்.

ஆகவே ஹார்ன் பூங்காவுக்குள் பேண்டு அறையில் இருந்தது. அறை நகராட்சியுடையது. நகராட்சி அதைப் பூட்டி, கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

அலிஸ்டர் பேண்டு மாஸ்டர் லிண்ட்சேயைப் போனில் கூப்பிட்டார். லிண்ட்சே அழுதான், நல்ல மனுஷன். "எல்லாம் முடிஞ்சு வெளிய வந்ததும், முழு பேண்டும் நின்னு, ஊரையே கூப்பிட்டு, அவளுக்குச் சிறப்பாப் பண்ணிடுவோம் அலிஸ்டர். வாக்குக் குடுக்கறேன்."

"அவ இப்பத்தானே போறா."

"என்னப்பா செய்யறது?"

"நீ செய்ய ஒண்ணும் இல்ல லிண்ட்சே. அவ வெள்ளிக்கிழமை போறான்னு சொன்னேன், அவ்வளவுதான்."

லோசா மறுபடியும் கூப்பிட்டாள். அவளுடைய முறைப்படி இன்னும் சில நாள் கழித்துத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் அடுத்த நாளே கூப்பிட்டாள். இந்தத் தடவை மளிகையைக் கேட்கவில்லை. அலிஸ்டரும் சுற்றி வளைக்காமல் ஹார்னைப் பற்றிச் சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள்.

"ஒரு சந்தேகம் கேக்கவா? உங்க கையில ஹார்ன் கிடைச்சாலும் பாட்டு அவங்களோடதுன்னு சொல்றீங்க. நீங்க ஒருத்தரே நிக்கறப்ப, அந்தப் பாட்டையே ஊதிட்டா என்ன? யாருக்குத் தெரியப்போவுது?"

"அவளுக்குத் தெரியும்."

"அதுவும் சரிதான்," என்றாள் லோசா. கொஞ்சம் சிரித்தாள், பிறகு சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டாள். அவர் அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம் என்று நினைத்தார்.

ஹார்னை எடுத்துத் தர முடியுமா என்று அவள் நகராட்சியில் கேட்டுப் பார்த்தாள். வியாழக்கிழமை மத்தியானம் விவரத்தோடு மறுபடி போன் செய்தாள்.

"எங்க மேலதிகாரியைக் கேட்டேன். அவரு அவருக்கு மேல கேட்டாரு. ஹார்ன் அத்தியாவசியப் பொருள் இல்லையாம்."

"ம்."

"கழிவறைக் காகிதம் அத்தியாவசியமாம். அதுக்கு ஜனங்க அடிச்சுக்கலாமாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா மிஸ்டர் டல்லக், கிளி அத்தியாவசியம்."

"என்னது?"

"பூங்காவுல பறவைக் கூண்டு இருக்கே, அதுங்களுக்குத் தீனி வைக்கணுமில்ல. உயிராச்சே. அதனால ஒரே ஒருத்தரை மட்டும் தினமும் உள்ள விடறாங்க. ரேவின்னு பேரு. அவரு இடுப்புல தொங்கற சாவிக்கொத்துல பூங்காவுல இருக்கற எல்லாக் கதவும் இருக்கு. காலைல ஒன்பதரைக்கு வருவாரு. நான் உங்ககிட்ட எதுவும் சொல்லலை. நீங்க எழுபது தாண்டினவரு, வீட்டை விட்டு வெளிய வராதீங்கன்னுதான் சொல்லியிருக்கேன். சரியா?"

"சரி. சொன்னே."

"கம்பளிச் சட்டை போட்டுக்கோங்க. காலைல குளிருது."

வெள்ளிக்கிழமை அவர் பேண்டுச் சீருடையைப் போட்டுக்கொண்டார். காலர் பொத்தானை நொலீன்தான் போட்டுவிடுவாள். அவர் விரல்களுக்கு அது அகப்படவில்லை. திறந்தபடியே விட்டு, மேலே கம்பளிச் சட்டையைப் போட்டு மறைத்தார். தெருவில் கார் இல்லை. வீட்டு ஜன்னல்களில் எல்லாம் கரடி பொம்மைகளை உட்கார வைத்திருந்தார்கள், உலாவப் போகும் குழந்தைகள் எண்ணி மகிழட்டும் என்று. குழந்தைகள் யாரும் அந்த நேரத்தில் வெளியே இல்லை. கரடிகள் எல்லாம் அவரையே பார்த்தன. சீருடையில் ஒரு கிழவர் தெருவின் நடுவில் நடந்து போனார். எதிரே நடந்து வந்த ஒரு பெண் அவரைக் கண்டதும் சாலையின் மறுபக்கம் போய்விட்டு, அங்கிருந்து கையாட்டினாள்.

பூங்காவின் புல் முழங்காலுக்கு வந்திருந்தது. புல்வெட்டுவதும் அத்தியாவசியமில்லை. ஊஞ்சல்களைச் சங்கிலியோடு சுருட்டி மேலே கட்டி, சுற்றிலும் மஞ்சள் நாடா இழுத்திருந்தார்கள். ரோஜாப் பாத்திகளில் வாடிய பூக்களை யாரும் கிள்ளவில்லை. ரொட்டி போட ஆளில்லாத வாத்துகள் அவரைக் கண்டதும் குளத்திலிருந்து வரிசையாக ஏறி வந்தன. வெறுங்கை என்று தெரிந்தும் பின்னாலேயே வந்தன.

ரேவி கூண்டின் முன்னால் வாளியோடு நின்றிருந்தார். தோள் அகன்ற மாவோரி மனிதர், தலையில் பின்னல் தொப்பி.

"பெரியவரே, அங்கேயே நில்லுங்க!" என்று கையைக் காட்டினார். "ரெண்டு மீட்டர். ரெண்டுன்னா நாலு. இந்த வயசுல உங்களுக்கு வெளிய என்ன வேலை?"

அலிஸ்டர் சொன்னார். நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது. என் மனைவி இறந்துவிட்டாள் என்பதை ஒரு பூங்கா முழுவதும் கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல நேரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

ரேவி வாளியைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமைக் கச்சேரியில என் கிளிங்க கத்தினா திரும்பி முறைப்பாங்களே ஒரு அம்மா, கார்னெட்டு. அவங்களா?"

"அவளேதான்."

"அடக் கடவுளே. அவங்க முறைச்சா இதுங்க அடங்கிடும். பதினோரு வருஷமா இதுங்களுக்குச் சோறு போடறேன், எனக்கு ஒருநாள் அடங்கினதில்ல." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "லோசா ஒண்ணும் சொல்லலைன்னு என்கிட்டயும் சொல்லுச்சு. மண்டபத்துக்குப் போங்க. நான் கொண்டு வந்து வைக்கறேன்."

ஹார்ன் பெட்டியை மண்டபத்தின் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, கைப்பிடியைக் கிருமிநாசினியால் இரண்டு தடவை துடைத்துவிட்டு, ரேவி பின்வாங்கினார். மண்டபத்தைச் சுற்றிக் கட்டியிருந்த நாடாவை அவரே ஒரு பக்கம் தூக்கிவிட்டிருந்தார். அலிஸ்டர் குனிந்து உள்ளே போனார். எட்டுப் பக்கமும் திறந்த மேடை. முப்பது பேர் நின்று முட்டிக்கொள்கிற இடத்தில் காய்ந்த இலைகள் சுழன்றுகொண்டிருந்தன. எங்கே நிற்பது என்று முதலில் தெரியவில்லை. நடுவில் நின்று பார்த்தார். அது கூச்சமாக இருந்தது. கடைசியில் தன் வழக்கமான இடத்துக்கே போய் நின்றார், இரண்டாவது வரிசையில், ஓரமாக. முன்னால் வரிசை இல்லை.

உதட்டை நனைத்துக்கொண்டு மெல்ல இரண்டு சுரம் ஊதிப் பார்த்தார். குளிர்ந்த பித்தளை சுருதி இறங்கிக் கிடந்தது. சூடு ஏறும்வரை ஊதினார். கிளிகள் பதிலுக்குக் கத்தின.

வண்டி பூங்கா வாசலில் திரும்பியது.

சொன்னபடியே நடக்கிற வேகத்தில் வந்தது. அதற்கு முன்னால் யாரும் நடக்கவில்லை, பின்னால் ஒரு காரும் இல்லை. அலிஸ்டர் ஹார்னைத் தூக்கினார். முதல் சரணம் எல்லோரும் சேர்ந்து வாசிப்பது. தன் சுரங்களை அந்தந்த இடத்தில் வைத்தார். ஒரு சுரம், பிறகு இடைவெளி, இரண்டு சுரம், பிறகு இடைவெளி. அவர் காதுக்குள் மற்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கேட்பவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது. ஆனால் தப்பு இல்லை. ஒரு சுரம்கூடத் தப்பு இல்லை. பூச்செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீட்டின் அருகில் வண்டி வந்தபோது முதல் சரணம் முடிந்தது.

இரண்டாவது சரணம் கார்னெட் மட்டும். மற்றவர்களுக்கெல்லாம் பதினாறு தாளக்கட்டு ஓய்வு, கட்டுக்கு நான்கு அடி; முதல் அடிக்கு அந்தக் கட்டின் எண்ணைச் சொல்லி எண்ணுவார்கள். ஓய்வை எண்ணிக்கொண்டு நின்று, பதினேழாவதில் மொத்தப் பேண்டும் உள்ளே வர வேண்டும்.

அப்போதுதான் அலிஸ்டருக்கு அது தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அந்த ஓய்வை ஒரு தடவைகூட எண்ணியதில்லை. எண்ண வேண்டிய தேவை வந்ததில்லை. அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் நொலீனின் வலது முழங்கை தெரியும். பாட்டை முடிக்கும் முன் அவள் கடைசி மூச்சை இழுக்கும்போது அந்த முழங்கை கொஞ்சம் மேலே எழும். அது எழுந்தால் இவர் ஹார்னைத் தூக்குவார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. பேண்டில் சேர்ந்த புதிதில் பையன்கள் எல்லாம் விரல் மடக்கி எண்ணிப் பழகுவார்கள். அவர் அவளைப் பார்த்துப் பழகினார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு. அவசரமாக எண்ண ஆரம்பித்தார். ஆனால் எத்தனை கட்டு போன பிறகு ஆரம்பித்தார்? மூன்றா, நான்கா? கண் தானாகவே இடப்பக்கம் முன்னால் போயிற்று. அங்கே இலைகள் இருந்தன. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அது அர்த்தமில்லாதது என்று தெரிந்தே எண்ணினார்.

வண்டி மண்டபத்துக்கு நேரே வந்துவிட்டது. பின்பக்கக் கண்ணாடி வழியே பெட்டி தெரிந்தது. மேலே பூ இல்லை, பூக்கடைகளும் மூடியிருந்தன. மாஸ்க் போட்டிருந்த கம்பெனிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து நான்கு விரல்களை உயர்த்தி மரியாதை காட்டினார். ஹார்ன் அலிஸ்டரின் உதட்டில் இருந்தது. ஊத வேண்டும் என்று இருந்தது, எதையாவது. எந்த இடம் என்று தெரியாமல் ஊதுவதற்கு அவருடைய கை, வாய், நெஞ்சு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது ஹார்ன்காரன் தப்பான இடத்தில் உள்ளே வந்தால் அவள் அடுத்த ஒத்திகைவரை பேசமாட்டாள்.

வண்டி போயிற்று. குளத்தைச் சுற்றி, ஓக் மரங்களுக்குப் பின்னால் மறைந்து, ஒரு தடவை வெயிலில் பளிச்சென்று தெரிந்து, பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று.

ரேவி புல்லில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் பெரியவரே, நடுவுல நிறுத்திட்டீங்க?"

"அது அவ வாசிக்கற இடம்."

"ஓ," என்றார் ரேவி. பெரிய விஷயம் ஒன்றைக் கேட்டதுபோல் தலையை ஆட்டினார். "அப்ப சரியாத்தான் போயிருக்காங்க. தன்னோட இடத்துல."

அது பொய் இல்லை. பின்னால் அலிஸ்டர் அதைப் பல நாள் யோசித்துப் பார்த்தார். அது பொய் இல்லைதான். லோசாவிடமும் அதையே சொன்னார். லிண்ட்சேயிடமும் சொன்னார், அவன் அதைப் பேண்டில் எல்லோருக்கும் சொல்லி, எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். எண்ணத் தெரியாமல் நின்றதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் அந்த வண்டியில் போய்விட்டாள்.

"முடிஞ்சுதா?" என்றார் ரேவி, அன்று புல்லில் நின்றபடியே.

"இன்னொரு சரணம் இருக்கு."

"அப்ப முடிச்சிடுங்க. யார் கேக்கப்போறா?" சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். "நான் இருக்கேன். வாசிங்க."

அலிஸ்டர் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு மூன்றாவது சரணத்தை ஆரம்பித்தார். பதினேழாவது கட்டா, இருபத்தேழாவதா, ஐம்பதாவதா, இனி அதில் ஒன்றும் இல்லை. வாத்துகள் அலுத்துப்போய்க் குளத்துக்குத் திரும்பின. ஒரு சுரம், இடைவெளி. இரண்டு சுரம், இடைவெளி. பாட்டு இருக்க வேண்டிய இடமெல்லாம் காற்றுதான் இருந்தது. காதுக்குள் இருந்தவர்களும் இந்தத் தடவை வரவில்லை.

கடைசி சுரம் நீளமானது. பேண்டு மாஸ்டர் கையை மூடும்வரை எல்லோரும் பிடித்திருக்க வேண்டும். இரண்டாவது ஹார்னுக்கு அதில் வருவது நடுச்சுரம். தனியாகக் கேட்டால் அது துக்கமா சந்தோஷமா என்று சொல்ல முடியாது. அலிஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். கையை மூட அங்கே யாரும் இல்லை. மூச்சு குறையக் குறைய சுரம் நடுங்கியது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் முட்டிற்று. கிளிகள்கூடச் சத்தம் போடவில்லை, அல்லது அவருக்குக் கேட்கவில்லை. ரேவி ஒரு அடி முன்னால் வந்து, பிறகு தூரம் நினைவுக்கு வந்து நின்றுவிட்டார். அலிஸ்டர் மூச்சின் கடைசி நூல்வரை ஊதினார். அது அறுந்த பிறகும் ஹார்னை இறக்காமல், வெறும் பித்தளையை உதட்டில் அழுத்தியபடி நின்றார்.